முக்திநாத் யாத்திரைக்குப் பணம் கட்டுமுன் ஜோம்சோம் விமான டிக்கெட்டை உங்கள் பெயரில் கேட்டு வாங்குங்கள்

நேபாளம் போக, அதிலும் முக்திநாத் யாத்திரைக்காக, ஏதாவது ஏஜென்சியில் பணம் கட்டப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். போன அக்டோபரில் அப்பா, அம்மா, சித்தப்பா, சித்தி, நான், என் மனைவி என்று ஆறு பேர் போய் வந்தோம். தலைக்கு 68,000 ரூபாய். பொக்காராவிலிருந்து, முக்திநாத்துக்குக் கீழே விமானம் இறங்கும் ஊரான ஜோம்சோமுக்குப் போகவும் வரவும் விமானம் அதில் அடக்கம் என்று சொல்லித்தான் பணம் வாங்கினார்கள். ஆனால் அந்த விமானத்தில் எங்களுக்கு டிக்கெட்டே போடவில்லை. வானிலை சரியில்லை என்று சொல்லி ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள். ஊருக்குத் திரும்பிய பிறகு விசாரித்தபோது, அதே ஏஜென்சியில் முந்தைய சீசனில் போனவர்களுக்கும் இதே கதைதான் என்று தெரிந்தது. விவகாரம் நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் ஏஜென்சியின் பெயரை இங்கே போடவில்லை.

முக்திநாத் 108 திவ்ய தேசங்களில் ஒன்று. திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமம் இதுதான் என்பது வைணவ மரபு. அதனால் நம் ஊரிலிருந்து போகிறவர்களில் பெரும்பாலோர் அறுபதைத் தாண்டியவர்கள். பொக்காரா கடல் மட்டத்திலிருந்து சுமார் 800 மீட்டர் உயரம்தான். முக்திநாத்தோ 3,700 மீட்டருக்கு மேல். இடையில் காளி கண்டகி ஆற்றின் பள்ளத்தாக்கு, ஒரு பக்கம் அன்னபூர்ணா, மறுபக்கம் தௌலகிரி, இரண்டுமே எட்டாயிரம் மீட்டரைத் தாண்டிய மலைகள். விமானத்தில் ஜோம்சோம் இருபது நிமிடம். ஜீப்பில் போனால் ஒரு பகல் முழுக்கப் போய்விடும். வழியில் பேனி என்ற ஊரைத் தாண்டியதும் பல இடங்களில் தார் கிடையாது. புழுதியும் பள்ளமும்தான். முழங்கால் வலியும் ரத்த அழுத்தமும் உள்ள அம்மாவுக்காகத்தான் விமானம் உள்ள பேக்கேஜைத் தேடிப் பிடித்தோம். விமானம் இல்லாத பேக்கேஜ் தலைக்குப் பதினைந்தாயிரம் குறைவாகவே கிடைத்தது.

ஜோம்சோம் விமானம் ரத்தாவது அபூர்வமல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பள்ளத்தாக்கில் முற்பகலிலேயே காற்று பலமாகிவிடும், அதனால் விமானங்கள் எல்லாம் காலையில்தான். மேகம் இறங்கினால் யாரும் பறக்கக் கூடாது. 2022 மே 29 அன்று இதே தடத்தில் ஒரு சிறிய விமானம் மலையில் மோதி, அதில் இருந்த 22 பேரும் இறந்தார்கள், நால்வர் இந்தியர்கள். விமானி போக முடியாது என்றால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஜீப்பில் ஏறலாம். அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அந்த நியாயமான பயத்தை வைத்துத்தான் இவர்கள் பணம் பண்ணுகிறார்கள் என்பதுதான் கோபம்.

பொக்காராவில் விடியற்காலை ஐந்து மணிக்கு எல்லோரையும் ஓட்டல் வரவேற்பறையில் உட்கார வைத்தார் டூர் மேனேஜர். யாருக்கோ போன் பேசுவதும் வெளியே போய் வானத்தைப் பார்ப்பதுமாக இருந்தார். ஆறரைக்கு வந்து, "ஐயா, ஃபிளைட் கேன்சல் ஆயிடுச்சு. மேல வெதர் சரியில்லையாம். ஒண்ணும் கவலைப்படாதீங்க, ஜீப் ஏற்பாடு பண்ணிட்டேன்" என்றார். மாடியிலிருந்து பார்த்தால் மச்சபுச்சரே சிகரம் துடைத்து வைத்தது மாதிரி தெரிந்தது. நான் கேட்டேன், "இங்க இவ்வளவு கிளியரா இருக்கே சார்?" "இங்க கிளியரா இருந்தா ஜோம்சோம்ல இருக்காது சார், உங்களுக்குத் தெரியாது." அதுவும் நடக்கக்கூடியதுதான் என்பதால் மேற்கொண்டு வாதாட முடியவில்லை. பத்து நிமிடத்தில் ஜீப்புகள் வாசலில் நின்றன.

வழியில் டீ குடிக்க நிறுத்தியபோது என் மனைவி டிரைவரிடம் இந்தியில் பேச்சுக் கொடுத்தாள். இன்று திடீரென்று கூப்பிட்டதும் எப்படி இத்தனை ஜீப் கிடைத்தது, அதுவும் தசைன் பண்டிகை நேரத்தில் என்று கேட்டிருக்கிறாள். நேபாளத்தின் மிகப் பெரிய பண்டிகை தசைன். ஊரே சொந்த கிராமத்துக்குக் கிளம்பும், வண்டி கிடைப்பது குதிரைக்கொம்பு. அவர் வெகுளியாகச் சொல்லிவிட்டார்: "இன்னிக்கு இல்லையே அக்கா, நாலு நாள் முன்னாலயே புக் பண்ணிட்டாங்க." நாலு நாளுக்கு முன்னால் நாங்கள் இந்தியாவிலிருந்தே கிளம்பவில்லை.

அடுத்து நடந்ததுதான் பணத்தைவிடப் பெரிய குற்றம். எழுதிக் கொடுத்த திட்டப்படி அன்று இரவு ஜோம்சோமில் தங்கல். அது சுமார் 2,700 மீட்டர், உடம்பு கொஞ்சம் பழக இடம் கிடைக்கும். மறுநாள் காலை முக்திநாத் போய் தரிசனம் முடித்துக் கீழே இறங்குவது. ஆனால் ஜீப்புகள் ஜோம்சோமில் நிற்காமல் நேராக மேலே போய், கோயிலுக்குக் கீழே இருக்கும் ராணிபவுவாவில் இறக்கின. அங்கே அறை மலிவு, ஒரு நாள் ஜீப் வாடகையும் மிச்சம். 800 மீட்டரில் காலைப் பலகாரம் சாப்பிட்ட எழுபது வயதுக்காரர்களை ஒரே நாளில் 3,700 மீட்டரில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தார்கள்.

இரவு ஒன்பது மணிக்கு அம்மாவுக்குத் தலைவலி ஆரம்பித்தது. பிறகு வாந்தி. பதினோரு மணிக்கு எழுந்து நிற்கவே தடுமாறினார். டூர் மேனேஜரை எழுப்பினேன். "பயணக் களைப்பு சார், காலைல சரியாயிடும், பெருமாள் பாத்துப்பார்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். எங்களைக் காப்பாற்றியது அந்த விடுதியை நடத்திய, உள்ளூர்த் தகாலி இனப் பெண்மணி. அம்மாவின் முகத்தைப் பார்த்ததுமே, "கீழே இறக்குங்கள், இப்போதே" என்றார். தன் தம்பியை எழுப்பி ஜீப் எடுக்கச் சொன்னார். நள்ளிரவில் காக்பேனி, 2,800 மீட்டர். அங்கே இறங்கி இரண்டு மணி நேரத்தில் வாந்தி நின்றது, விடியும்போது அம்மா கஞ்சி கேட்டார். வண்டிக்குப் பணம் கொடுத்தபோது அந்தத் தம்பி வழக்கமான வாடகைக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கவில்லை. நேபாளத்து மக்கள் மேல் எனக்கு ஒரு வார்த்தை குறை கிடையாது என்பதை இங்கேயே பதிவு செய்கிறேன்.

உயரத்தில் தலைவலி, வாந்தி, தடுமாற்றம் வந்தால் அதைக் களைப்பு என்று நினைத்து விடியும்வரை காத்திருக்காதீர்கள். உடனே கீழே இறங்குவதுதான் வைத்தியம். கிளம்புவதற்கு முன்பே டாக்டரைப் பார்த்து, மலை உயரத்துக்கான மாத்திரை தேவையா, இப்போது சாப்பிடும் மருந்துகளோடு ஒத்துப்போகுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் ஜோம்சோமில் ஓய்வெடுத்துவிட்டு, உள்ளூர் ஜீப் பிடித்து நாங்களே மேலே போனோம். கோயிலில் இருக்கும் 108 நீர்த்தாரைகளின் தண்ணீரை அம்மா தலையில் தெளித்துக்கொண்டார். தரிசனம் நல்லபடி ஆயிற்று. அந்த ஓய்வு நாளில்தான் ஜோம்சோம் விடுதியில் கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு குடும்பத்தைச் சந்தித்தோம். முந்தைய நாள் காலை ஏழரை மணி விமானத்தில் பொக்காராவிலிருந்து வந்திருக்கிறார்கள். எங்களுக்கு ரத்து என்று சொன்ன அதே காலை. போர்டிங் பாஸைக் கேட்டு வாங்கிப் படம் எடுத்துக்கொண்டேன். பொக்காரா திரும்பியதும், மேனேஜர் வாய்வழியாகச் சொல்லியிருந்த விமான நிறுவனத்தின் கவுண்டருக்குப் போய்ப் பாஸ்போர்ட்டுகளைக் காட்டிக் கேட்டேன். எங்கள் ஆறு பேர் பெயரிலும் அந்த வாரம் எந்தப் பதிவும் இல்லை. அன்று காலை விமானங்கள் வழக்கம்போலப் போயிருக்கின்றன.

காத்மாண்டுப் பகுதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் அதுவும் மனதை அறுக்கிறது. காத்மாண்டு, பாடன், பக்தபூர் என்று மூன்று பழைய ராஜதானிகள் ஒரே பள்ளத்தாக்கில் இருக்கின்றன. 1979-லேயே யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இடம். மூன்றையும் காட்டுவதாக எழுத்தில் இருந்தது. பசுபதிநாத் தரிசனம் முடிந்ததும் ஒரு ருத்ராட்சக் கடைக்குக் கொண்டுபோய் இரண்டரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். சாளக்கிராமம், ருத்ராட்சம், லேப் சான்றிதழ், விசேஷத் தள்ளுபடி. சித்தி பன்னிரண்டாயிரம் கொடுத்து வாங்கிய சாளக்கிராமத்தை ஊரில் விவரம் தெரிந்தவரிடம் காட்டினால், கடைந்து ஒட்ட வைத்தது என்கிறார். உண்மையான சாளக்கிராமம் கண்டகி ஆற்றில் கிடைக்கும் தொல்லுயிர்ப் படிமம், சுருள் வடிவக் கடல் உயிரியின் தடம். அதைக் காத்மாண்டுக் கடையில் அவசரத்தில் வாங்க எந்த அவசியமும் இல்லை.

பக்தபூருக்குப் போய்ச் சேரும்போது மாலை நாலரை. வாசலில் நிறுத்தி, நுழைவுக் கட்டணம் பேக்கேஜில் இல்லை, வெளிநாட்டவருக்கான முழுக் கட்டணத்தைக் கொடுங்கள் என்று கேட்டார் மேனேஜர். கவுண்டர் பலகையில் சார்க் எனப்படும் தெற்காசிய நாட்டவருக்கு 500 நேபாள ரூபாய் என்று தனியாக எழுதியிருக்கிறது. நாங்கள் ஆறு பேரும் நேராகப் போய் 500 கொடுத்து வாங்கிக்கொண்டோம். மற்றவர்கள் ஏற்கெனவே அவரிடம் கொடுத்துவிட்டிருந்தார்கள். 1702-இல் பூபதீந்திர மல்லர் கட்டிய ஐந்தடுக்கு ஞாதபோலா கோயில், 2015 நிலநடுக்கத்தில் சுற்றிலும் எவ்வளவோ விழுந்தும் நிமிர்ந்து நின்ற கோயில், அதன் படிகளில் ஏறி உட்காரக்கூட அவகாசம் தரவில்லை. நாற்பது நிமிடத்தில் பஸ்ஸில் ஏறச் சொன்னார்கள். பாடன் அப்படியே விடுபட்டது, டிராபிக்காம். மறுநாள் விமானம் மாலையில் என்பதால் நாங்கள் டாக்ஸி வைத்துக்கொண்டு பாடன் போனோம். 1637-இல் சித்தி நரசிம்ம மல்லர் எழுப்பிய கிருஷ்ணன் கோயிலில் பாரதமும் ராமாயணமும் கல்லில் ஓடுகின்றன. அப்பா சுற்றிச் சுற்றிப் பார்த்தார். இதைக் காட்டாமலே எங்களை ஊருக்கு அனுப்பியிருப்பார்கள்.

சின்னச் சின்ன ஏமாற்றுகளும் உண்டு. இந்திய ரூபாய்க்கு 1.45 வீதம் நேபாள ரூபாய் மாற்றித் தந்தார் மேனேஜர். இரண்டு நாட்டுப் பணத்துக்கும் 1993 முதல் 1.60 என்பதுதான் நிலையான விகிதம். ஆதார் அட்டை போதும் என்று அவர்கள் சொன்னதை நம்பி வந்த ஐம்பது வயதுக்காரர் ஒருவரை டெல்லி விமான நிலையத்திலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். விமானத்தில் நேபாளம் போக நமக்கு விசா தேவையில்லை, ஆனால் பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ கட்டாயம். பதினைந்து வயதுக்குக் கீழும் அறுபத்தைந்துக்கு மேலும் உள்ளவர்களுக்குத்தான் சலுகை. கைச்செலவுக்கு இந்திய நோட்டு கொண்டுபோனால் நூறு ரூபாய் நோட்டாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேற்பட்ட நோட்டுகளை நேபாள அரசு 2018 டிசம்பரில் தடை செய்தது. கிளம்பும் சமயத்தில் விதி என்னவென்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, பணம் கட்டப்போகிறவர்கள் என்ன கேட்க வேண்டும்? முதலில் ஜோம்சோம் டிக்கெட். பயணிகள் ஒவ்வொருவர் பெயரும் பி.என்.ஆர். எண்ணும் உள்ள டிக்கெட் கிளம்புவதற்கு முன்பே உங்கள் கையில் வர வேண்டும். "குரூப் புக்கிங், அங்க போய்த் தருவோம்" என்றால் விமானச் செலவைப் பேக்கேஜிலிருந்து கழிக்கச் சொல்லுங்கள், பொக்காராவில் நீங்களே போட்டுக்கொள்ளலாம். விமானம் ரத்தானால் அந்தப் பணம் யாருக்குத் திரும்பும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். எங்கள் ஏஜென்சியின் தாளில், வானிலையால் விமானம் இல்லாமல் போனால் ஜீப், பணம் திரும்ப வராது என்று ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரிதான் அவர்களுடைய முழு லாபமும். எந்த இரவு எந்த ஊரில், என்ன உயரத்தில் தங்கல் என்பதையும் எழுத்தில் கேளுங்கள். ரத்து என்று சொன்னால் ஓட்டலில் உட்காராமல் விமான நிலையத்துக்கே கூட்டிப்போகச் சொல்லுங்கள். போய்ப் பார்க்க அதிக நேரம் ஆகாது. நேபாளத்தில் தகராறு என்றால் சுற்றுலாப் போலீஸ் எண் 1144.

பணம் கட்டும்போது ஜி.எஸ்.டி. எண்ணோடு ரசீது கேளுங்கள். வெளிநாட்டுப் பேக்கேஜுக்கு ஏஜென்சி நம்மிடம் வசூலித்து அரசுக்குக் கட்டும் டி.சி.எஸ். வரி என்று எங்களிடம் 5 சதவீதம் தனியாக வாங்கினார்கள். உண்மையில் அரசுக்குக் கட்டியிருந்தால் அது நம் வருமான வரிக் கணக்கின் 26ஏ.எஸ். படிவத்தில் தெரியும். எங்களுடையதில் ஒரு ரூபாய்கூட இல்லை. தமிழக அறநிலையத் துறையின் முக்திநாத் மானியத்தை வாங்கித் தருகிறோம் என்று தலைக்கு இரண்டாயிரம் கேட்டார்கள், அதைக் கொடுக்கவில்லை. அது பயணம் முடித்துத் திரும்பியவர்கள் நேரடியாக விண்ணப்பிக்க வேண்டியது.

ஊர் வந்ததும் ஏஜென்சி முதலாளியிடம் போர்டிங் பாஸ் படத்தைக் காட்டினேன். "தம்பி, சாமி காரியத்துக்குப் போயிட்டு வந்து கணக்குப் பாக்கலாமா?" என்றார். அம்மா நள்ளிரவில் தடுமாறியதைச் சொன்னேன். தலைக்கு மூவாயிரம் தருவதாகவும், இனிமேல் யாரிடமும் பேசக் கூடாது என்று கையெழுத்துப் போட வேண்டும் என்றும் சொன்னார். எழுந்து வந்துவிட்டோம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்தேன். அதில் ஏஜென்சி பதில் தராததால் எங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போட்டிருக்கிறோம். 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் இல்லை, சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். எங்களோடு வந்தவர்களில் மூன்று குடும்பங்கள் தனித்தனியாக மனுப் போடத் தயாராகிறார்கள். முந்தைய சீசன்களில் இதேபோல ஜீப்பில் ஏற்றப்பட்டவர்கள் யாராவது இருந்தால், பேக்கேஜ் தாளையும் பயணத் தேதியையும் எடுத்து வைத்துக்கொண்டு எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். அந்தக் காலையில் விமானம் பறந்ததா என்று சேர்ந்து விசாரிக்கலாம்.