எங்கள் பல்கலைக்கழக நூலகம்: பருவ இதழ்ப் பிரிவுக்கு முழு மதிப்பெண்

ஆய்வுக்காக நான்கு வருடமாகப் போகிறேன். சர்க்குலேஷன் கவுண்டரில் புத்தகம் எடுக்க, திருப்ப இரண்டே நிமிடம், குறையில்லை.

பருவ இதழ்ப் பிரிவில் 1962ஆம் ஆண்டு இதழ் ஒன்றைக் கேட்டேன். கணினியில் இல்லை. அதோடு அனுப்பிவிடாமல், உதவி நூலகர் மேடம் பழைய கார்டு இழுப்பறையைத் திறந்து, ஓரம் மங்கிய அட்டை ஒன்றைத் தேடி எடுத்து, அலமாரி வரைக்கும் கூடவே வந்தார். பைண்டு செய்த தொகுதி, முதுகில் வெள்ளை மையில் எண். கை நடுங்கிவிட்டது எனக்கு.

வருத்தம் ஒன்றுதான். பகுப்பாக்கப் பிரிவில் ஒரே ஒருவர். புதுப் புத்தகங்கள் எண் போடாமல் மாதக்கணக்கில் கட்டோடு கிடக்கின்றன. வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்று நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இலேயே விதி வகுத்தார். அங்கே இன்னும் இரண்டு பேரைப் போடுங்கள், தயவுசெய்து.