எலி நீந்தும் தொட்டி: ஒரு மாரிஸ் வாட்டர் மேஸ் கருவியுடன் இரண்டு ஆண்டுகள்

எங்கள் கல்லூரியின் மருந்தியல் துறைக்கு மாரிஸ் வாட்டர் மேஸ் கருவியொன்றை வாங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. மறதிநோய்க்கான மருந்துகளை எலிகளில் சோதிக்க இத்தகைய கருவியை வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்களுக்காக இந்த மதிப்புரையை எழுதுகிறேன். தயாரித்த நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடப் போவதில்லை.

வந்து சேர்ந்தவை இவை: 180 செ.மீ. விட்டமும் 60 செ.மீ. உயரமும் கொண்ட வட்டமான ஃபைபர் தொட்டி, நிறமற்ற அக்ரிலிக் மேடை, கூரையில் பொருத்தும் கேமரா, எலியின் பாதையைப் பதிவுசெய்யும் மென்பொருள். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது ரிச்சர்ட் மாரிஸ் 1981இல் வெளியிட்ட சோதனைமுறை இது. நீரில் விடப்படும் எலி தப்பித்து ஏறி நிற்க வேண்டிய மேடை நீர்மட்டத்திற்குச் சற்றுக் கீழே மறைந்திருக்கும்; அதை எலியால் பார்க்க முடியாது. அறைச் சுவர்களில் ஒட்டியிருக்கும் அடையாளங்களைக் கொண்டுதான் மேடை இருக்கும் இடத்தை எலி மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். நாங்கள் நாளொன்றுக்கு நான்கு முறை வீதம் ஐந்து நாள் பழக்கி, ஆறாம் நாள் மேடையை எடுத்துவிட்டு, மேடை இருந்த கால்வட்டத்தில் எலி எவ்வளவு நேரம் தேடுகிறது என்று பார்க்கிறோம். நினைவே இல்லாமல் தொட்டி முழுக்கச் சுற்றும் எலிக்கும் அந்தக் கால்வட்டத்தில் ஏறத்தாழ 25 சதவீத நேரம் கிடைத்துவிடும் என்பதால், அதற்கு மேல் உள்ளதையே நினைவு என்று கணக்கில் கொள்ள முடியும்.

தொட்டியைப் பற்றி எனக்குக் குறை அதிகமில்லை. ஃபைபர் கனமானது, விளிம்பு மழுங்கலாக உள்ளது, வடிகுழாய் அகலமானது. ஆனால் உட்புற நிறத்தை வாங்கும்போதே முடிவு செய்துகொள்ள வேண்டும். எங்களுக்கு முதலில் வந்தது வெள்ளைத் தொட்டி. நாங்கள் பயன்படுத்தும் விஸ்டார் என்ற ஆய்வக இன எலியும் வெள்ளை. மென்பொருளுக்கு எலியே தெரியவில்லை. ஒரு மாதம் கடிதப் போக்குவரத்துக்குப் பின் கறுப்புப் பூச்சு அடித்துத் தந்தார்கள். கறுப்புத் தொட்டியில் நீரைக் கலங்கலாக்கப் பால்பவுடர் கலக்க வேண்டியதில்லை என்பது ஓர் ஆதாயம். பால் கலந்த நீர் நம் வெயிலில் மறுநாளே என்ன வாடை அடிக்கும் என்பதை அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

விலைப்பட்டியலில் இடம்பெறாத செலவு தண்ணீரின் வெப்பம். முப்பது செ.மீ. ஆழத்திற்கு நிரப்பினால் இத்தொட்டி சுமார் 760 லிட்டர் பிடிக்கும். எங்களுக்குத் தேவையோ 25 டிகிரி. சித்திரை மாதத்தில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் நீர் 31 டிகிரி. அந்த ஆறு டிகிரியைக் குறைக்க நாற்பது கிலோவுக்கு மேல் ஐஸ் போட வேண்டியிருந்தது. நீர் வெதுவெதுப்பாக இருந்தால் எலிக்குத் தப்பிக்கும் அவசரம் இருக்காது, சுகமாக மிதந்துகொண்டிருக்கும்; அதிகம் குளிர்ந்தாலோ உடல் விறைத்து நீச்சல் தளர்ந்துவிடும். இரண்டையும் மென்பொருள் ‘மறதி’ என்றே பதிவுசெய்யும்.

மென்பொருளைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். முதல் வாரத்தில் ஒரு நாள், தொட்டியின் வடக்கு ஓரத்தில் எலி அசையாமல் நிற்பதாகத் திரை காட்டியது. தொட்டியருகே நின்றிருந்த ஆய்வக உதவியாளர் எட்டிப் பார்த்துவிட்டு, “சார், எலி இந்தப் பக்கம் நீந்திக்கிட்டு இருக்கு. கம்ப்யூட்டர் டியூப்லைட்டைப் பிடிச்சு வச்சிருக்கு” என்றார். நீரில் விழுந்த விளக்கின் பிரதிபலிப்பை அது எலியாக எடுத்துக்கொண்டிருந்தது. விளக்குகளைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்த பிறகே சரியானது. மின்விசிறியும் ஓடக் கூடாது. சிற்றலைகளிலும் இதே தடுமாற்றம் வரும்.

இது சரிசெய்யக்கூடிய குறை. இதைவிடப் பெரிய குறை அறிக்கையின் முதல் பக்கத்தில் இருக்கிறது. மேடையை அடைய எலி எடுத்துக்கொண்ட விநாடிகளின் சராசரியை மட்டும் பெரிய எழுத்தில், வண்ணப் பட்டைகளாகத் தருகிறது இந்த மென்பொருள். மாணவர்கள் அந்தப் படத்தை அப்படியே ஆய்வேட்டில் ஒட்டிவிடுகிறார்கள். ஆனால் ஓர் எலி தாமதமாக மேடை சேர்வதற்கு மறதி மட்டுமே காரணம் ஆகாது. மூன்றாம் நாளிலும் நேரம் குறையாத எலி ஒன்றின் பாதைப் படத்தை நான்காம் பக்கத்தில் திறந்து பார்த்தபோது, தொட்டியின் சுவரை ஒட்டி வளையம் வளையமாகக் கோடுகள் இருந்தன. நடுப்பகுதிக்கு அது வரவே இல்லை. அச்சம் கொண்ட எலி அப்படித்தான் நீந்தும். மேடையைத் தேடவே தொடங்காத எலி அதை மறந்துவிட்டது என்று எப்படிச் சொல்வது? இந்தப் பாதைப் படம்தான் இக்கருவியின் மிகச் சிறந்த அம்சம் என்பதும், அதை நான்காம் பக்கத்தில் ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்பதும் ஒருசேர வியப்பளிக்கின்றன. நீந்தும் வேகமும் அங்கேதான் இருக்கிறது.

எங்களைப் போன்ற கல்லூரிகள் பெரும்பாலும் ஸ்கோபோலமைன் கொடுத்து மறதியை உண்டாக்குவதால் இந்தக் கவனம் இன்னும் அவசியமாகிறது. ஊமத்தையிலும் உள்ள இந்த வேதிப்பொருள், மூளையில் நரம்புச் செய்திகளைக் கடத்தும் அசிட்டைல்கோலின் வேலை செய்யும் ஏற்பிகளை அடைப்பதோடு கண்ணின் பாவையையும் விரித்துவிடும். சுவர் அடையாளங்கள் மங்கலாகத் தெரிவதால்கூட எலி தடுமாறலாம். ஆகவே மேடையை நீருக்கு மேலே உயர்த்தி, கொடி நட்டு, கண்ணால் பார்த்தே எலி அங்கே போகிறதா என்று சோதிக்க வேண்டும். அதற்கான கொடியும் உயரம் மாற்றக்கூடிய மேடையும் இந்தத் தொகுப்பில் இல்லை; தனியாகச் செய்துகொண்டோம். சுண்டெலி வாங்குவோர் இனத்தையும் கவனிக்க வேண்டும்; சி3எச் போன்ற சில இனங்கள் பிறவியிலேயே விழித்திரை சிதையும் மரபணுவைக் கொண்டவை.

நெறிமுறைக் குறைபாடு ஒன்றும் உண்டு. எந்த எலிக்கு எந்த மருந்து என்பது சோதனை செய்பவருக்குத் தெரியக் கூடாது என்பது விலங்கு ஆய்வுகளை எழுதி வெளியிடுவதற்கான, 2020இல் திருத்தி வெளியிடப்பட்ட அரைவ் (ARRIVE) வழிகாட்டுதல்கள் வலியுறுத்தும் அம்சங்களில் ஒன்று. இந்த மென்பொருளோ, ஒவ்வோர் ஓட்டத்தையும் தொடங்குமுன் குழுவின் பெயரைத் தட்டச்சு செய்யச் சொல்கிறது, தட்டாவிட்டால் நகராது. நாங்கள் அ, ஆ, இ, ஈ என்று எழுத்துகளை மட்டும் இட்டு, அவற்றின் விளக்கத்தை உறையிலிட்டு வேறொரு பேராசிரியரிடம் ஒப்படைத்துவிடுகிறோம். விநாடிக்கு விநாடி எலி இருந்த இடத்தைக் காட்டும் மூலத் தரவை வெளியே எடுக்கவும் தனிக் கட்டணம் கேட்கிறார்கள். இதை ஏற்க முடியவில்லை. எங்கள் எலியின் பாதை எங்களுடையது.

விற்பனைப் பிரதிநிதி தந்த கையேட்டின் அட்டையில் ‘அல்சைமர் மருந்துகளைக் கண்டறிய’ என்று அச்சிட்டிருந்தது. ஊசி போட்ட சில மணி நேரத்தில் தெளிந்துவிடும் ஸ்கோபோலமைன் மறதியில், அல்சைமர் மூளையில் சேரும் அமிலாய்டு என்ற புரதத்தின் படிவுகளும் இல்லை, நரம்பணுச் சிதைவும் இல்லை. அசிட்டைல்கோலினைக் கூட்டும் அல்சைமர் மருந்தான டோனெபெசில் அந்த மறதியைப் போக்குவது, அடைத்த வாய்க்காலில் கூடுதல் நீர் விட்டதைப் போன்றதுதான். மனித மரபணுத் திரிபுகளைச் சுமக்கும் 5எக்ஸ்எஃப்ஏடி போன்ற சுண்டெலிகளில் படிவுகள் உண்டு. அவையும் பரம்பரையாக வரும் அரிய வகை அல்சைமரின் திரிபுகளே. சுண்டெலியின் மூளையில் அமிலாய்டு படிவதைத் தடுத்ததாக 1999இல் அறிவிக்கப்பட்ட ஏஎன்1792 தடுப்பூசி மனிதர்களிடம் வந்தபோது, ஏறத்தாழ 6 சதவீதம் பேருக்கு மூளை அழற்சி ஏற்பட்டு 2002இல் நிறுத்தப்பட்டது. அட்டை வாசகத்தை எழுதியவர் அதை அறிந்திருக்க வேண்டும்.

தொட்டியை வாங்கலாம், கறுப்பாக வாங்குங்கள். மென்பொருளை ஒரு வாரம் இரவல் பெற்று, உங்கள் அறையின் விளக்கில், உங்கள் எலியை வைத்து ஓட்டிப் பார்த்த பின் முடிவெடுங்கள். ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தை இம்முறை நாங்கள் புதுப்பிக்கவில்லை. அந்தத் தொகையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்துத் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் ஒன்றுக்கு விலை கேட்டிருக்கிறோம். அடுத்த சித்திரைக்குள் வந்துவிட்டால் ஐஸ் சுமக்கும் வேலை உதவியாளருக்கு மிச்சம்.