பழைய பிலிமுக்கு ஏஐ: முகத்தை மட்டும் அதனிடம் விடாதீர்கள்

பழைய பிலிம் படங்களை ஏஐ கொண்டு தெளிவாக்கும் மென்பொருள் ஒன்றுக்குத் தள்ளுபடி போட்டிருக்கிறார்கள், வாங்கலாமா என்று சிலர் என்னைக் கேட்கிறார்கள். அப்பா எடுத்து வைத்த சூப்பர் 8 (வீட்டில் படமெடுக்கப் பயன்பட்ட சிறிய பிலிம்) சுருள்களுக்காக நான் அதை ஒரு வருஷத்துக்கும் மேலாகப் பயன்படுத்துகிறேன்.

சூப்பர் 8-இல் ஒரு ஃபிரேம் 6 மில்லிமீட்டர் அகலம்கூடக் கிடையாது, வினாடிக்கு 18 ஃபிரேம்தான். அதிலிருந்து இவ்வளவு எடுத்துக் கொடுப்பது உண்மையிலேயே பெரிய வேலை. மினுக்கல் போய்விடுகிறது, கை நடுக்கம் அடங்கிவிடுகிறது. எழுபதுகளின் தைப்பூசச் சுருளில் சிங்கப்பூர் டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலின் பழைய கட்டடம் இருக்கிறது, 1983-இல் புதிதாகக் கட்டி முடிப்பதற்கு முன்பு நின்றது. அதன் எதிரே போகும் கூட்டத்தில் அம்மா தன் தங்கையை நடையை வைத்தே கண்டுபிடித்தார். சிங்கப்பூர் ஆற்றில் தொங்காங்கு என்ற சரக்குப் படகுகள் நெருக்கியடித்து நிற்கும் சுருளும் அப்படித்தான், அங்கே முகங்கள் தூரத்தில் இருப்பதால் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

ஆனால் முகத்தைத் தெளிவாக்கும் வசதி என்று ஒன்று வைத்திருக்கிறார்களே, அதில்தான் எனக்கு ஆத்திரம். பெரியப்பா அலகு குத்திக் காவடியோடு கேமராவை நோக்கி வருகிறார். ஸ்கேனில் கன்னத்தின் குறுக்கே வேல் மங்கலாக, ஆனால் நிச்சயமாக இருக்கிறது. இந்த வசதியைப் போட்டதும் வேல் கன்னத்தோடு கரைந்து, வாய் மூடிக்கொண்டு, யாரோ ஒருவர் நடந்து வருகிறார். சில ஃபிரேம் கழித்துப் பாதி வேல் திரும்ப முளைக்கும், மறுபடி போகும். பெண்களின் மூக்குத்தியைத் தூசி என்று துடைத்துவிடுகிறது, விபூதிப் பட்டையும் போச்சு. அந்த வசதியின் வீரியத்தைக் குறைத்தேன், உள்ளே இருக்கும் ஏஐ மாடலை மாற்றினேன், வாடிக்கையாளர் சேவைக்கும் எழுதினேன். மூலத்தின் தரம் போதாது என்று பதில். தரம் போதாமல்தானே இதற்குக் காசு கொடுத்தோம்!

இந்த மாதிரி மாடல்களுக்குப் பொதுவாகத் தெளிவான முகப் படங்களை வேண்டுமென்றே கெடுத்துக் கொடுத்து, பழையபடி ஆக்கு என்று சொல்லித்தான் பயிற்சி தருகிறார்கள். இந்தத் துறையில் பலரும் எடுத்தாளும் எஃப்எஃப்எச்கியூ தொகுப்பில் இருப்பது ஃபிளிக்கரில் திரட்டிய 70,000 முகங்கள். கன்னத்தில் வேலோடு அதில் எத்தனை பேர் இருப்பார்கள்? பார்த்தே பழகாததை மாடல் கீறல் என்றுதான் எடுத்துக்கொள்ளும். அது எனக்குப் புரிகிறது. ஆனால் பெரியப்பாவின் பேரன் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு, "தாத்தா அலகு குத்திக்கலையா?" என்று கேட்டபோது பொறுக்கவில்லை. அவர் விரதம் இருந்து செலுத்திய நேர்த்திக்கடன் அது.

நடுநடுவே புது ஃபிரேம்களைத் தானே உருவாக்கி வினாடிக்கு 60 ஃபிரேமாக்கும் வசதியையும் தொடாதீர்கள், காவடி சுழலும்போது மயில்தோகை கூழாகிவிடும்.

சரி, வாங்கலாமா? வேண்டாம். இவ்வளவு புகழ்ந்த பிறகும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அந்தக் காசை நல்ல ஸ்கேனுக்குப் போடுங்கள், திரையில் ஓட்டிப் படம்பிடித்துக் கொடுக்கும் கடையில் வேண்டாம், ஃபிரேம் ஃபிரேமாக ஸ்கேன் செய்யும் இடத்தில். ஏற்கெனவே வாங்கியிருந்தால் முக வசதியை அணைத்துவிடுங்கள், மூல ஸ்கேனை எக்காரணம் கொண்டும் அழிக்காதீர்கள், குடும்ப வாட்ஸ்அப்பில் போடும்போது இது ஏஐ திருத்தியது என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.