எதிர்சேவை இரவும் ஒரு போலி மெமரி கார்டும்

2025 மே 11, மதுரையில் எதிர்சேவை. சித்திரைத் திருவிழாவுக்கு வரும் கள்ளழகரை மக்கள் எதிர்கொண்டு வரவேற்கும் நாள். மறுநாள் விடியலில் அழகர் ஆற்றில் இறங்குகிறார். அந்த ராத்திரி முழுக்கத் தல்லாகுளத்திலிருந்து வைகைக் கரை வரை கேமராவோடு நடந்தேன். இரண்டாயிரத்துக்கும் மேல் படங்கள் எடுத்தேன். கையில் மிஞ்சியவை 1,143. மற்றதெல்லாம் போனதற்குக் காரணம் அன்று சாயங்காலம் வாங்கிய ஒரு மெமரி கார்டு. இனி யாரும் இப்படி ஏமாறக் கூடாது என்றுதான் விவரமாக எழுதுகிறேன்.

என்னிடம் ஏற்கெனவே ஒரு 64 ஜிபி கார்டு இருந்தது. நாள் முழுக்கத் தாங்காதே என்று ஊருக்கு நடுவில் இருந்த ஒரு செல்போன் சாமான் கடையில் 256 ஜிபி கேட்டேன். பெரிய கம்பெனி பெயர் போட்ட கார்டை எடுத்து வைத்து 1,200 ரூபாய் என்றார் கடைக்காரர். ஆன்லைனில் நான் பார்த்த விலை இதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். கேட்டதற்கு, "திருவிழாவுக்குன்னு இறக்குன சரக்குண்ணே, ஒரிஜினல்தான், தைரியமாக் கொண்டு போங்க" என்றார். பில் கேட்டேன். "பில் போட்டா வெலை ஏறிரும்ணே." சரி என்று விட்டுவிட்டேன். கியூஆர் ஸ்கேன் செய்தபோது கடைப் பெயருக்குப் பதிலாக யாரோ ஒருவரின் சொந்தப் பெயர் வந்தது. அப்போதே திரும்பியிருக்க வேண்டும்.

கேமராவில் போட்டு ஃபார்மட் செய்தேன். எந்தக் குறையும் சொல்லவில்லை. இன்னும் ஆயிரக்கணக்கில் எடுக்கலாம் என்று கணக்குக் காட்டியது.

அந்த ராத்திரியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சொம்பில் சர்க்கரை நிரப்பி, வாழை இலையால் வாயைக் கட்டி, மேலே சூடம் ஏற்றி ஆயிரக்கணக்கான பேர் நிற்பார்கள். பக்கத்து முகங்களுக்கு அந்தச் சூட வெளிச்சமே போதும். கேமராவின் ஒளி உணர்திறனை (ஐஎஸ்ஓ) 3200-இல் வைத்து, ஃப்ளாஷ் இல்லாமலே எடுத்தேன். நள்ளிரவுக்கு மேல் ஒரு சோடாக் கடை ஓரமாக, அழகர் வேஷம் கட்டிய பெரியவர் ஒருவர் மடியில் ஆட்டுத்தோல் பையை வைத்துக்கொண்டு அதன் வாய்க்கயிற்றைப் பல்லால் இழுத்து இறுக்கிக்கொண்டிருந்தார். மறுநாள் சாமிக்குத் தண்ணீர் பீய்ச்ச. அவர் ஊர் மேலூர்ப் பக்கம். நாற்பது வருஷமாக வருகிறாராம். "எங்க அப்பா வச்சிருந்த தோலு தம்பி, ஒரு படம் புடிச்சுக் குடு" என்று கேட்டார். பத்துப் பன்னிரண்டு படம் எடுத்து, திரையில் காட்டினேன். சிரித்தார். மகனின் வாட்ஸ்அப் எண்ணை வாங்கிக்கொண்டேன்.

அப்புறம் தங்கக் குதிரை புறப்பாடு, ஆற்றங்கரைக் கூட்டம், விடியல் எல்லாம் எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து கார்டை லேப்டாப்பில் போட்டால், எல்லா ஃபைலும் வரிசையாக இருக்கின்றன. பெயர் இருக்கிறது, அளவு இருக்கிறது. 1,143 வரை திறக்கிறது. 1,144 முதல் வெறும் சாம்பல் நிறம். பெரியவர் படங்கள் எல்லாமே அந்தப் பக்கம்.

இது எப்படி நடக்கிறது என்று பிறகு தெரிந்துகொண்டேன். உள்ளே இருப்பது 32 ஜிபிதான். 256 என்று பொய் சொல்லும்படி கார்டை இயக்கும் உள் சிப்பை (கண்ட்ரோலர்) மாற்றி வைத்திருக்கிறார்கள். கேமராவும் லேப்டாப்பும் அதை நம்பிவிடும். சாதாரண ஃபார்மட்டில் முழு இடமும் சோதிக்கப்படுவதில்லை, அதனால் பொய் வெளிப்படாது. 32 ஜிபி நிறைந்த பிறகு வருவதெல்லாம் எங்கும் எழுதப்படாமல் போகும், அல்லது பழையதன் மேலேயே எழுதப்படும். எடுத்தவுடன் திரையில் படம் தெரிந்ததே என்பீர்கள். அது கேமராவின் தற்காலிக நினைவில் இருந்து வருவது. படம் கார்டில் பத்திரமாக இருக்கிறது என்பதற்கு அது சாட்சி இல்லை.

அடுத்த அடி, படங்களை மீட்டுத் தருவதாகச் சொன்ன ஒரு கடை. 2,500 ரூபாய் முன்பணம் வாங்கி, பத்து நாள் இழுத்தடித்து, "கரப்ட் ஆயிருச்சு சார்" என்று கார்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். முன்பணம் வரவில்லை. அழித்த படத்தை மீட்கலாம். எழுதப்படவே இல்லாததை எவராலும் மீட்க முடியாது. போலிக் கார்டு என்று தெரிந்துவிட்டால் அதற்காக ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாதீர்கள்.

கார்டு விற்ற கடைக்கும் போனேன். "நம்ம கடைல வாங்குனதுக்கு என்னண்ணே ஆதாரம்?" என்றார் அதே ஆள். பணம் போனது தனி ஆள் கணக்குக்கு, பில்லும் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். கையில் பில் இருந்திருந்தால் பேச்சே வேறு.

கார்டு வாங்கினால் விழாவுக்கு ஒரு வாரம் முன்பே, பில்லோடு வாங்குங்கள். வாங்கியதும் சோதித்துப் பாருங்கள். அதற்கு விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw), மேக்கிலும் லினக்ஸிலும் எஃப்3 (F3) என்ற மென்பொருள்கள் இருக்கின்றன. இரண்டுமே இலவசம். கார்டு முழுக்க எழுதி, திரும்பப் படித்துப் பார்த்து, உண்மையில் எவ்வளவு இடம் என்று சொல்லிவிடும். 256 ஜிபிக்குச் சில மணி நேரம்கூட ஆகலாம், பொறுத்துக்கொள்ளுங்கள். என் கார்டை அதில் போட்டபோது 30 ஜிபிக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் தேறியது. பெரிய கார்டு ஒன்றைவிட 64 ஜிபி மூன்று எவ்வளவோ மேல். அன்று என்னுடைய நல்ல 64 ஜிபி கார்டு விடிய விடியப் பைக்குள் சும்மா கிடந்தது.

ஒரு உதவி கேட்கிறேன். அந்த ராத்திரி ஒரு மணியிலிருந்து இரண்டு மணிக்குள், தல்லாகுளம் பெருமாள் கோயில் பக்கத்தில் யாராவது படமோ வீடியோவோ எடுத்திருந்தால் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். சிவப்புக் குல்லாய், நரைத்த மீசை, மடியில் தோல் பை. ஓரத்தில் தெரிந்தாலும் போதும், அனுப்புங்கள். "படம் வந்துச்சா" என்று அவர் மகன் இரண்டு முறை கேட்டுவிட்டார்.