காந்தம் ஒட்டியதை நம்பி 600 யுவானைத் தொலைத்தேன்

சீனத்துப் பழைய இரும்புக் காசு வாங்கும் எண்ணம் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். போன மாதம் வேலை விஷயமாகச் செங்டு போயிருந்தபோது, ஒரு பழம்பொருள் கடையில் மூன்று காசுக்கு 600 யுவான் அழுதேன்.

செங்டு இருக்கும் சிச்சுவானில் சொங் வம்சக் காலத்தில் இரும்புக் காசுதான் புழக்கம். கனம் அதிகம், மதிப்போ குறைவு. சுமந்து மாளாமல்தான் வணிகர்கள் சீட்டு எழுதிக் கொடுக்க ஆரம்பித்தார்கள். 1020களில் அரசே அதைக் கையில் எடுத்தது. காகிதப் பணம் பிறந்த கதை அது. இதையெல்லாம் படித்துவிட்டுப் போனதுதான் வினை. ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

கடைக்காரர் காந்தத்தை நீட்டினார். டக்கென்று ஒட்டியது. "பாருங்கள், அசல் இரும்பு! இங்கே ஆற்றில் கிடைத்தது" என்றார். இரும்பா என்றுதான் காந்தம் சொல்லும், எந்தக் காலத்து இரும்பு என்று சொல்லாது. அப்போது அது உறைக்கவில்லை.

அறைக்கு வந்து நனைத்து, பழைய பல் பிரஷ்ஷால் லேசாகத் தேய்த்தேன். துரு செங்கல் பொடி மாதிரி கரைந்து ஓடியது. அடியில் புது ஆணியின் சாம்பல் நிறம்! நூற்றாண்டுக் கணக்கில் கிடந்த இரும்பில் துரு பொருக்குக் கட்டி இறுகியிருக்கும், இப்படி விடாது. மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன். சதுர ஓட்டைக்கு வலப்பக்கம், மூன்றிலும் ஒரே இடத்தில் ஒரே அளவுப் பள்ளம். துரு அரித்த குழி மூன்று காசில் ஒன்றுபோலவா விழும்?

பெரிய கூத்து பின்பக்கம்தான். முன்பக்கம் சுன்சி என்ற ஆண்டுப்பெயர், அதாவது மன்னர் தன் ஆட்சியின் ஒரு காலப்பகுதிக்குச் சூட்டிய பெயர். அந்தக் காலப்பகுதியில் எத்தனையாவது வருஷம் என்ற எண்ணைக் காசின் பின்னால் போடும் வழக்கம் 1180-ல் வந்தது. என் காசில் மேலே 'தொங்' என்ற எழுத்து. தொங்ஆன் வார்ப்புக்கூடத்தின் குறி. அந்தக் கூடம் சிச்சுவானிலேயே இல்லை, கிழக்கே வெகுதொலைவில் ஹுவாய்நான் பக்கம். சரி, காசு கைமாறி வந்திருக்கலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். கீழே பத்து, எட்டு. அந்த எழுத்துகள் எனக்கே தெரியும். சுன்சி 1174-ல் தொடங்கி 1189-ல் முடிந்தது. மொத்தமே பதினாறு வருஷம். பதினெட்டு எங்கிருந்து வரும்?

வீச்சாட் என்ற சீனச் செய்திச் செயலியில் கடைக்காரருக்குப் படங்களை அனுப்பினேன். "பழையது என்று எழுதிக் கொடுத்தேனா?" என்று ஒரே வரி பதில். ரசீதைத் தேடி எடுத்து மொழிபெயர்ப்புச் செயலியில் காட்டினேன். 'கைவினைப் பொருள், 3' என்றிருந்தது.