பியர்சனா, ஸ்பியர்மேனா: பாலாற்றங்கரைக் கிணற்று நீர்த் தரவுக்கு எது சரி?

ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவே பாலாற்றை ஒட்டிய கிணறுகள், ஆழ்துளைக் கிணறுகளின் நீர்ப் பரிசோதனை முடிவுகள்தான் என் முதுகலை ஆய்வின் தரவு. டேனரிக் (தோல் பதனிடும் ஆலைக்) கழிவால் மாசு வந்ததா என்பதை வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-லேயே பேசிவிட்டது. எனக்கு வேண்டியது அதைவிடச் சின்ன விடை. டேனரியிலிருந்து தள்ளிப் போகப் போக நீரில் உப்பும் குரோமியமும் குறைகிறதா? இரண்டு விஷயங்களுக்குள் தொடர்பு உண்டா என்று பார்க்க பியர்சன், ஸ்பியர்மேன், கெண்டல், கை-வர்க்கம் என்று நான்கு புள்ளியியல் வழிகள் இருந்தன. ஸ்பியர்மேனை எடுத்தேன், இப்போதும் அதன் பக்கம்தான்.

கை-வர்க்கத்தைச் சீக்கிரம் ஒதுக்கிவிடலாம். தரவே வகைகளாக இருந்தால், அதாவது 'தண்ணீர் கரிக்கிறது, கரிக்கவில்லை' என்று வீடு வீடாகக் கேட்டு வாங்கியிருந்தால், அதுதான் சரியான சோதனை. கையில் எண் இருக்கும்போது அதை வெட்டி வகையாக்குவது வீண். டிடிஎஸ், அதாவது நீரில் கரைந்த மொத்தத் திடப்பொருள் (பெரும்பாலும் உப்பு), லிட்டருக்கு 2,000 மில்லிகிராம் என்பது வேறு நீராதாரம் இல்லாத இடத்துக்கு இந்தியத் தர நிர்ணயம் அனுமதிக்கும் உச்சம். அதை எல்லையாக வைத்தால் 2,010-ம் 9,000-ம் ஒரே கட்டத்தில் உட்கார்ந்துவிடும். ஒரு கட்டத்தின் எதிர்பார்ப்பு எண்ணிக்கை (தொடர்பே இல்லையென்றால் அதில் விழ வேண்டிய எண்ணிக்கை) 5-க்குக் கீழே போனால், சிறு எண்ணிக்கைக்கான ஃபிஷர் சோதனைக்கு வேறு ஓட வேண்டும்.

பியர்சன் எல்லோருக்கும் பழக்கம், எக்செல்லிலேயே வந்துவிடும். ஆனால் அது தேடுவது நேர்கோட்டை. 1, 2, 3, 4, 5 கிலோமீட்டர் தூரத்தில் ஐந்து கிணறுகள், டிடிஎஸ் 9000, 1400, 1200, 1000, 900 என்று வைத்துக்கொள்வோம். தூரம் கூடக் கூட உப்பு குறைகிறது, ஓர் இடத்தில்கூடத் தப்பவில்லை. பியர்சன் கெழு (தொடர்பின் அளவு, −1 முதல் +1 வரை) −0.74, பி மதிப்பு (தொடர்பே இல்லாதபோதும் தற்செயலாக இவ்வளவு வலுவான கெழு வரும் வாய்ப்பு; வழக்கமாக 0.05-க்குக் கீழே இருந்தால்தான் ஏற்பார்கள்) ஏறக்குறைய 0.15, 'தொடர்பு உறுதியாகவில்லை' என்று எழுத வேண்டி வரும். எண்களைத் தரவரிசையாக்கி அதே கணக்கைப் போடுவதுதான் ஸ்பியர்மேன். அது −1, பி மதிப்பு 0.017. முதல் கிணற்றின் 9000-ஐ 90,000 ஆக்கினாலும் ஸ்பியர்மேன் அசையாது. மடக்கை எடுத்துப் பார்த்தாலும் அப்படியே.

இது பாடநூலிலேயே இருக்கும். என்னை முடிவெடுக்க வைத்தது குரோமியம் பத்தி. ஆய்வகம் கொடுத்த தாளில் பல கிணறுகளுக்கு எண்ணே இல்லை, 'பிடிஎல்' என்று மட்டும் இருந்தது. அதாவது கருவி கண்டறியும் வரம்புக்குக் கீழே. பியர்சனுக்கு அங்கே ஓர் எண் கொடுத்தாக வேண்டும். சிலர் பூஜ்யம் போடுகிறார்கள், சிலர் வரம்பில் பாதி, சிலர் வரம்பையே. ஒவ்வொன்றுக்கும் கெழு மாறும். நாமே இட்டுக்கட்டிய எண்ணை வைத்து வந்த விடையை வாய்மொழித் தேர்வில் எப்படிக் காப்பாற்றுவது? அந்த வரிசைகளைத் தூக்கிவிடுவது இன்னும் மோசம், சுத்தமான கிணறுகளே தரவிலிருந்து காணாமல் போகும். தரவரிசையில் இந்தத் தலைவலி இல்லை. பிடிஎல் எல்லாம் கடைசி இடத்தைச் சமமாகப் பகிர்ந்துகொள்ளும். பூஜ்யம் போட்டாலும் பாதி போட்டாலும் விடை ஒன்றுதான். ஒரே வரம்பு என்றால்தான் இந்த வசதி. இரண்டு ஆய்வகத் தாள்களில் இரண்டு வரம்பு இருந்தால், பெரிய வரம்புக்குக் கீழே உள்ள எல்லாவற்றையும் பிடிஎல்லாகவே எடுக்க வேண்டும். கொஞ்சம் தகவல் போகும், வேறு வழியில்லை.

அப்புறம், இப்படி ஒரே இடத்தைப் பகிரும் சமத் தரங்கள் இருந்தால் ஆர் மென்பொருள் துல்லியமான பி மதிப்பு தர முடியாது என்று எச்சரிக்கும். பயப்பட வேண்டாம், தோராய மதிப்பைக் கொடுத்திருக்கும். எக்செல்தான் கதி என்றால் சராசரித் தரம் தரும் சார்பால் இரு பத்திகளையும் தரமாக்கி, அதன்மேல் வழக்கமான ஒட்டுறவை (பியர்சனை) போட்டால் ஸ்பியர்மேன் கிடைத்துவிடும்.

கெண்டலும் தரவரிசையை வைத்துப் போடுவதுதான், 1938-இல் வந்தது. இதில் டௌ-பி என்ற வடிவம் சமத் தரங்களைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. தரவில் பாதிக்கு மேல் பிடிஎல் என்றால் அதை எடுப்பதே நியாயம் என்று நினைக்கிறேன், ஆனால் நான் போட்டுப் பார்த்தது ஒரே ஒரு தரவில்தான், அங்கே இரண்டும் ஒரே முடிவைச் சொன்னன. கெண்டலின் எண் வழக்கமாக ஸ்பியர்மேனைவிடச் சிறியதாக வரும். 'தொடர்பு பலவீனமா?' என்று வழிகாட்டி கேட்டால் விளக்கத் தயாராக இருங்கள்.

ஸ்பியர்மேனும் கைவிடும் இடம் உண்டு. ஒரே திசையில் ஏறும் அல்லது இறங்கும் தொடர்பைத்தான் அது பிடிக்கும். மாத எண்ணுக்கும் கிணற்று நீர்மட்டத்துக்கும் போட்டால், கோடையில் இறங்கி வடகிழக்குப் பருவமழையில் ஏறும் நீர்மட்டத்துக்குக் கெழு பூஜ்யத்துக்குப் பக்கத்தில்கூட வரலாம். அதனால் புள்ளி வரைபடத்தை முதலில் போடுங்கள். பக்கத்துப் பக்கத்துக் கிணறுகள் ஒரே நிலத்தடி நீரோட்டத்தில் இருந்தால் அவை தனித்தனிச் சான்றுகள் ஆகாது. அதை இந்த நான்கில் எதுவும் சரிசெய்யாது. அறிக்கையில் கெழு, பி மதிப்பு, கிணறுகளின் எண்ணிக்கை மூன்றோடு, எத்தனை பிடிஎல், வரம்பு என்ன என்பதையும் அதே வரியில் எழுதிவிடுங்கள்.