ராப்சடியா, இன்டர்மெட்சோவா: கையில் தங்குவது எது?

ஜெர்மானிய இசையமைப்பாளர் பிராம்ஸின் தனிப் பியானோ படைப்புகளில் ஒன்றையாவது முழுதாகக் கைவசமாக்க வேண்டும் என்று சென்ற ஆண்டு முடிவு செய்தேன். கடைசிவரை போட்டியில் நின்றவை இரண்டு: ஓபஸ் (படைப்பு வரிசை எண்) 79-இல் வரும் ஜி மைனர் ராப்சடி என்ற உணர்ச்சிப் பெருக்கான துண்டு, ஓபஸ் 118-இல் வரும் ஏ மேஜர் இன்டர்மெட்சோ என்ற அமைதியான சிறு துண்டு. முன்னதை 1879-இல், 46 வயதில் எழுதினார். பின்னதை 1893-இல், 60 வயதில் எழுதி, தொகுப்பைப் பியானோ கலைஞரும் தன் நெடுநாள் தோழியுமான கிளாரா ஷூமனுக்குக் காணிக்கையாக்கினார். நான் இன்டர்மெட்சோவின் கட்சி. அதை மறைக்கப் போவதில்லை.

ராப்சடியின் கவர்ச்சி ஊரறிந்தது. தொடக்கத்திலேயே இடக்கை வலக்கையைத் தாண்டிப் பாய்கிறது. கேட்பவருக்கு மட்டுமல்ல, பார்ப்பவருக்கும் விருந்து.

இன்டர்மெட்சோ சி ஷார்ப், பி, டி என்ற மூன்று ஸ்வரங்களில் தயங்கியபடி தொடங்குகிறது. அடுத்த முறை அதே சி ஷார்ப், பி. ஆனால் மேலே உள்ள ஏ-வுக்கு ஒரே தாவல். அந்த ஏ-வை அழுத்தினால் காரியம் கெட்டது. தொட்டும் தொடாமலும் வைக்க வேண்டும். இந்த ஒரு ஸ்வரத்துக்கே எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. எளிது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்: நடுப்பகுதியில் இடக்கை மூன்று மூன்றாக ஓட, வலக்கை இரண்டிரண்டாகப் பாட வேண்டும்.

என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்புதான். அலுவலகமும் வீடுமாக அலைபவர்களுக்குத் தினப் பயிற்சி கனவு. ஒரு மாதம் தொடாமல் விட்டால் எவ்வளவு மிஞ்சும் என்பதே கேள்வி. முதலில் ராப்சடியில்தான் இறங்கினேன். மூன்று மாதத்தில் முதல் பகுதி ஓரளவு படிந்தது. பிறகு ஐந்து வாரம் வெளியூர் வேலை. திரும்பி வந்து உட்கார்ந்தால், தாண்டிப் போன இடக்கை ஒவ்வொரு முறையும் பக்கத்துக் கட்டையில் போய் இறங்கியது. தூரத்தைக் கை மறந்திருந்தது. மறுபடியும் ஆமை வேகத்திலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

இன்டர்மெட்சோவையும் பின்னர் அதேபோல் ஒரு மாதம் கிடப்பில் போட நேர்ந்தது. ஸ்வரங்கள் அப்படியே விரல்களில் இருந்தன. கெட்டிருந்தது சமநிலை மட்டுமே: உள்ளே மெல்ல ஒலிக்க வேண்டிய கட்டை விரல், மெட்டைப் பாடும் மேல்குரலை அமுக்கிக்கொண்டிருந்தது. காதைத் தீட்டிக்கொண்டு இரண்டு மாலைகள் உட்கார்ந்தேன், சரியாகிவிட்டது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். என்னிடம் இருப்பது டிஜிட்டல் பியானோ. அதிலும் பெரும்பாலும் ஹெட்போன் மாட்டித்தான் வாசிக்கிறேன். ராப்சடியை நல்ல கிராண்ட் பியானோவில் நான் வாசித்ததில்லை. அந்தக் கீழ் ஸ்தாயி அறையையே அதிர வைக்கும்போது தவறிய தாவல்களைக்கூட மன்னித்துவிடத் தோன்றலாம். தினம் இரண்டு மணி நேரம் ஒதுக்க முடிந்த இளைஞருக்கு ராப்சடியையே சொல்வேன்.

எனக்கு இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு இருபது நிமிடம் கிடைக்கிறது. அதில் அந்த ஏ இன்னும் நான்கில் ஒரு முறைதான் சரியாக விழுகிறது.